பிள்ளை கை வைத்தால் திறக்கும் பட்டியல்

ஆமாம் அக்கா, நீங்கள் சொல்வது சரிதான். காரில் வந்து இறங்குகிற பிள்ளை இவள்தான். பேர் பேச்சியம்மாள். எங்களுக்குச் சொந்தமாகக் கார் எல்லாம் கிடையாது. வீட்டில் நிற்கிற சைக்கிளே என் வீட்டுக்காரருடைய அண்ணன் சைக்கிள். கார் பூதலிங்கம் அண்ணாச்சியுடையது. கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறாரே, அம்பாசமுத்திரத்தில் ஆபீஸ், கல்லிடைக்குறிச்சியில் சாமான் குடோன், அவர்தான். அந்த ஆபீஸில் எனக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை, காய் நறுக்குகிற வேலை. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை.

சிரிக்கிறீர்கள். எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். நான் அதிகம் பேசமாட்டேன் அக்கா, ஆள் முகத்தைப் பார்த்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் நல்ல மாதிரியாகக் கேட்டதால் சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரி வரிசையும் நகர்கிற மாதிரித் தெரியவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், பெங்களூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை பேர் நவநீதன், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். தலைத்தீபாவளிக்கு வந்தவர் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், பலகாரம் தின்றோம் என்று இருக்கலாம் இல்லையா? மாமனாருக்கு ஒரு பரிசு தருகிறேன் என்று எக்செல்லில் ஒரு சாமான் பட்டியல் செய்து கொடுத்தார். எத்தனை இலை என்று அதில் எண்ணைப் போட வேண்டும். பக்கத்திலேயே அடுப்பில் பானை வைத்த மாதிரி ஒரு படம் இருக்கும். அந்தப் பானையை அழுத்தினால் அரிசி இத்தனை கிலோ, பருப்பு இத்தனை கிலோ, சொதிக் குழம்புக்குத் தேங்காய் இத்தனை என்று மளமளவென்று வந்து விழும். அதற்கு மேக்ரோ என்று பேராம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது அக்கா, நான் படித்தது எட்டாவது. காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

அவர் கொண்டுவந்த லேப்டாப்பில் அது நன்றாக ஓடியதாம். பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆவுடையப்பன் அண்ணன் திறந்தார். அவர்தான் ஆபீஸில் எழுதுகிற வேலை எல்லாம் பார்க்கிறவர். திறந்ததும் இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்து நின்றது. அண்ணன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, இந்தக் கம்ப்யூட்டருக்குத் தகுதி பத்தாது என்று போட்டிருக்கிறது அண்ணாச்சி என்றார். ஓகேயை அழுத்தினால் பட்டியல் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி அதே கட்டம்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் அக்கா. மாப்பிள்ளை செய்த பொருளில் குறை என்று யாரும் வாய் திறக்க முடியாது. மாப்பிள்ளையிடம் போனில் பேசும்போதே அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். துண்டை இடுப்புக்கு இறக்கவில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் உங்கள் பட்டியல் ஓடவில்லை என்று எப்படிச் சொல்வார்? எங்கள் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை போல மாப்பிள்ளை என்றார். மாப்பிள்ளை சொன்னார், "என் சிஸ்டத்துல நல்லா ஓடுதே மாமா." அவர் ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொன்னார்.

அப்புறம் போனில் வைத்தியம் ஆரம்பித்தது. மேலே மஞ்சளாக ஒரு பட்டை வருகிறதா, அதில் அனுமதி கொடுங்கள் என்றார். கொடுத்தோம், கட்டம்தான் சீக்கிரமாக வந்தது. தேதி எப்படி இருக்கிறது, மாதம் முன்னால் வருகிறதா நாள் முன்னால் வருகிறதா என்றார். மாற்றினோம். உங்களுடையது முப்பத்திரண்டா அறுபத்துநாலா என்று ஒருநாள் கேட்டார். ஆவுடையப்பன் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐம்பத்தெட்டு முடிந்து ஐம்பத்தொன்பது நடக்கிறது சார் என்றார்.

அண்ணாச்சி என்ன செய்தார், தகுதியுள்ள கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினார். புது லேப்டாப், அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து ஆபீஸில் இறக்கினார்கள். அதுவும் தகுதி பத்தாது என்றது. கார்த்திகையில் குடோனுக்கு இன்னொன்று வாங்கினார். அதில் தமிழ் எழுத்தே தெரியவில்லை, பருப்பு, புளி, வெல்லம் எல்லாமே காலிக் கட்டமாக நின்றன. அதைச் சரிசெய்ய ஒரு ஆள் தென்காசியிலிருந்து வந்து எழுத்தை ஏற்றிவிட்டுப் போனார். எழுத்து வந்ததும் அந்தக் கட்டமும் வந்தது. மூன்று கம்ப்யூட்டர், மூன்றும் மூன்று ஜாதி, மூன்றும் ஒரே பதிலைச் சொல்லுகிறது.

சரி, பழையபடி கையால் எழுதலாமே என்று கேட்பீர்கள். அதுவரைக்கும் தவசுப்பிள்ளைதான், எங்கள் தலைமைச் சமையல்காரர், காலண்டர் தாள் முதுகில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பட்டியல் வந்த அன்றைக்கே அவருக்கு முகம் உர்ரென்று ஆகிவிட்டது. இனிமேல் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், பெட்டியிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடக்கி வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் அளவு கேட்டால், வாய் நிறைய வெற்றிலை இருக்கிறதாகக் கையைக் காட்டுவார். ஆவுடையப்பன் அண்ணன் குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்து, ஆலங்குளத்துக் கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு ரசத்தையே சாம்பார் என்று ஊற்ற வேண்டியதாயிற்று. அண்ணாச்சி அன்றைக்கு மண்டபத்துப் பின்வாசல் வழியாக வெளியே வந்தார்.

நான் வந்தது இந்த நேரத்தில்தான். எங்கள் வீட்டுக்காரர் லாரியில் போகிறவர், போனால் இருபது நாள் ஆகும். மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள், நான் வேலைக்குப் போனேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது அக்கா. கூலியைச் சொல்லவில்லை. நாலு பேர் பேசுகிறதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம், நாம் பேச வேண்டாம். தை பிறந்ததும் பெரிய நாத்தனார் பிரசவத்துக்கு என்று மாமியார் தூத்துக்குடிக்குப் போனார்கள். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அண்ணாச்சி ஆபீஸில் பிள்ளைக்கு அனுமதி கிடையாது. அரிவாள்மணை கிடக்கும், எண்ணெய்ச் சட்டி கிடக்கும், நியாயம்தானே. பிள்ளையை விட இடம் இல்லை, வேலையை விட மனசு இல்லை.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் அவளை அண்டாவுக்குள் வைத்தேன்.

ஆபீஸுக்குப் பின்னால் பாத்திரம் வைக்கிற கட்டு இருக்கிறது. ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா. அடியில் என் பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு, இரண்டு கரண்டியைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். ஒன்பது மாதப் பிள்ளை, சத்தமே இல்லாமல் மூன்று நாள் இருந்தாள். நாலாவது நாள் கரண்டியால் அண்டாவைத் தட்ட ஆரம்பித்தாள். கோயில் மணி மாதிரிக் கேட்டது. அண்ணாச்சி எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

அண்ணாச்சி திட்டுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "கனி, நாளைல இருந்து வராண்டாம்மா. பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

என் பேர் ஆறுமுகக்கனி. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணக்கு முடித்து அனுப்புவார்கள் என்று ஆவுடையப்பன் அண்ணன் மேசைப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஆயிரத்து இருநூறு இலைக் கல்யாணத்துக்குப் பட்டியல் எடுக்க உட்கார்ந்திருந்தார், கல்யாணம் நாளை மறுநாள். சவம் இன்னைக்காவது திறக்குதான்னு பாப்போம் என்று மவுஸைத் தட்டினார். தட்டினதும் இவள் என் இடுப்பிலிருந்து சாய்ந்து, இடது கையை, எழுத்துத் தட்டுகிற பலகை ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடிக்காக இரண்டு பேரும் இழுபறி. கண்ணாடியை மீட்டு மாட்டிக்கொண்டு பார்த்தால் பட்டியல் திறந்து கிடக்கிறது. கட்டமும் இல்லை, தகுதியும் கேட்கவில்லை. பானை மட்டும் இருக்கிறது. அழுத்தினார். அரிசியில் ஆரம்பித்து அப்பளம் வரைக்கும் வந்து விழுந்தது.

மூடிவிட்டு மறுபடி திறந்தார்கள், கட்டம் வந்தது. பிள்ளையைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார்கள், திறந்தது. பிள்ளை இல்லாமல், கட்டம். பிள்ளையோடு, பானை. இப்படி ஏழு தடவை. அண்ணாச்சி செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

எனக்கு வேலை இருக்கிறது என்று யாரும் வாயால் சொல்லவில்லை. மறுநாள் காலை வாசலில் கார் வந்து நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். பேச்சியை எட்டு மணிக்கு ஆபீஸில் கை வைக்கவைத்து, ஒன்பது மணிக்குக் குடோனுக்குக் கூட்டிப் போவார்கள். அவள் தூங்கினால் பட்டியலும் தூங்கும், யாரும் சத்தம் போடக் கூடாது. ஆவுடையப்பன் அண்ணன் ஒரு நோட்டுப் போட்டார். பிள்ளை பச்சைச் சட்டை, இட்லி ஒன்று, கிழக்குப் பார்த்த முகம், திறந்தது, என்று எழுதுவார். அதனால் இரண்டு வாரம் அவளுக்குப் பச்சைச் சட்டையைக் கழற்றவே விடவில்லை. ராத்திரி துவைத்துக் காலையில் ஈரத்தோடு போட்டுவிடுவேன். ஒருநாள் மஞ்சள் சட்டையில் திறந்தது, அன்றைக்குத்தான் விட்டார்கள். அண்ணாச்சி வீட்டம்மா வெள்ளிக்கிழமை தோறும் தட்டுகிற பலகைக்குக் குங்குமம் வைத்தார்கள். குங்குமம் இறங்கி இரண்டு பொத்தான் ஒட்டிக்கொண்டது, தென்காசி ஆள் வந்து பல்குச்சியால் நோண்டி எடுத்தார்.

எந்தப் பிள்ளை கை வைத்தாலும் திறக்குமா என்று ஆவுடையப்பன் அண்ணனுக்குச் சந்தேகம். தன் பேரனைக் கொண்டுவந்தார். கொழுகொழு என்று இருப்பான். அவன் நட்ட நடுவில் இரண்டு கையையும் வைத்து அடித்தான். கட்டம் வந்தது, கூடவே அச்சு இயந்திரம் பதினாறு வெற்றுத் தாளைத் துப்பியது. அண்ணன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் பிள்ளை கைதான் ராசி என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஜாதகக் கட்டை இவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். இவள் அதைத் தின்றாள்.

இப்போது சொல்லப்போவதை யாரிடமும் சொல்லாதீர்கள் அக்கா.

மூன்றாவது நாளே நான் பார்த்துவிட்டேன். இவள் எப்படிச் சாய்ந்தாலும் இடது உள்ளங்கை ஒரே இடத்தில்தான் விழும். இடது ஓரத்தில், கீழேயிருந்து இரண்டாவதாக, மேலே பார்த்த அம்புக்குறி போட்ட நீளப் பொத்தான். சாயங்காலம் மேசையைத் துடைக்கும்போது ஒருவரும் இல்லை. அந்தப் பொத்தானை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டியலைத் திறந்தேன். திறந்துவிட்டது. அடுப்பில் கை பட்ட மாதிரி எடுத்துக்கொண்டேன். அப்புறம் லேப்டாப்பில் பார்த்தேன், திறந்தது. குடோனிலும் பார்த்தேன். திறக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டால், பட்டியல் தன் பாட்டுக்கு முதலில் ஏதோ செய்யப் பார்க்கிறதே, அதைச் செய்யாமல் நேரே உள்ளே விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அந்த முதல் காரியத்தில்தான் கோளாறு இருக்கிறது. பானைக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றேன் இல்லையா, ஆனால் இது கம்ப்யூட்டர் இல்லையே, பார்த்தால் தெரிகிற விஷயம்தானே.

ஏன் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். அத்தனை பெரியவர்கள் நிற்கிற இடத்தில் நான் போய் எப்படிச் சொல்வேன்? அதுவுமில்லாமல், பொத்தான்தான் என்று தெரிந்தால் பிள்ளை எதற்கு? மறுபடி அண்டாவில் வைக்க முடியுமா? என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஏ பேச்சி, அக்கா தாலியை விடு. விடுடி. வாயில் வைக்காதே.

வைகாசியில் மாப்பிள்ளையே நேரில் வந்துவிட்டார், ஒரு கல்யாணத்துக்கு. பிள்ளை கதையைக் கேட்டுச் சிரி சிரி என்று சிரித்தார். ஏதோ சின்ன விஷயம், பத்து நிமிடத்தில் சரிசெய்கிறேன், பிறகு இந்தப் பிள்ளையைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி உட்கார்ந்தார். நான் மூலையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், என்னைப் போகச் சொல்லவில்லை. வெங்காய மூட்டையோடு மூட்டையாக நினைத்துவிட்டார் போல.

பத்து நிமிடம் மூன்று மணி நேரம் ஆயிற்று. அவருடைய லேப்டாப்பில் திறந்தார், ஓடியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தார், தகுதி இல்லை என்றது. அந்தத் தகுதிக் கட்டத்தை எழுதி வைத்ததே அவர்தான். எந்தக் கோளாறு வந்தாலும் கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிற மாதிரி எழுதியிருக்கிறார். இப்போது உண்மையான கோளாறு என்னவென்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டுத் திறந்தார். இங்கிலீஷில் வேறு ஏதோ வந்தது. அதைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டு, ஐயோ, போட்டோ என்றார்.

என்ன விஷயம் என்றால் அக்கா, பட்டியல் திறந்ததும் முதலில் அவருடைய கல்யாணப் போட்டோ வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மாமனார் மாமியாருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று. தீபாவளி அன்றைக்கு அவர் லேப்டாப்பில் அது வந்ததாம், வீட்டம்மா கண் கலங்கினார்களாம். அந்தப் போட்டோ அவர் லேப்டாப்பில்தான் இருக்கிறது. பென்டிரைவில் பட்டியலைப் போட்டவர் போட்டோவைப் போடவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் மூன்றும் ஏழு மாதமாக இல்லாத போட்டோவைத் தேடித் தேடிச் செத்திருக்கிறது.

அவர் அந்த வரியை அழிக்கக் கையைக் கொண்டுபோனார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"சார், அதை எடுத்துராதீங்க."

திரும்பிப் பார்த்தார். வெங்காயம் பேசிய மாதிரி ஒரு பார்வை. எதை என்றார். போட்டோ வரியை என்றேன். இது உனக்கு எப்படித் தெரியும் என்றார். எழுந்து போய் அம்புக்குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டு திறந்து காட்டினேன். கையெல்லாம் வெங்காய வாடை, அவர் கை வைக்கிற பலகையைத் தொட்டுவிட்டோமே என்று முந்தானையால் துடைத்தேன். அவர் என் விரலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், விரலைப் பார்க்கிறார். எவ்வளவு படித்திருக்கிறாய் என்று கேட்டார். எட்டு என்றேன்.

நான் தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னேன். "வரிய எடுத்துட்டீங்கன்னா பிள்ள வேண்டாம்னு ஆயிரும் சார். எனக்கு அவள விட எடமில்ல. அதுமட்டும் இல்ல, இவ்வளவு நாளா எதுல தப்பு இருந்துச்சுன்னு அண்ணாச்சி கேப்பாங்கல்ல? ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கிட்டாங்களே. நீங்க என்ன சார் சொல்லுவீங்க?"

சத்தியமாக அக்கா, நான் வேறு எதையும் மனசில் வைத்துச் சொல்லவில்லை. பெரியவர் கேட்பாரே, பாவம் இவர் என்ன பதில் சொல்வார் என்ற கவலையில்தான் கேட்டேன். அவருக்கு ஏனோ வேர்த்துக் கொட்டியது. மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. தங்கச்சி, இது நமக்குள்ள இருக்கட்டும் என்றார். அதுவரைக்கும் ஏம்மா, இந்தாம்மா என்றுதான் கூப்பிட்டார். அப்புறம், நீக்கி வைத்திருந்த தகுதிக் கட்டத்தைப் பழையபடி எழுதி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

வெளியே அண்ணாச்சி, வீட்டம்மா, ஆவுடையப்பன் அண்ணன், வெற்றிலையோடு தவசுப்பிள்ளை, எல்லாரும் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்.

"மாமா, புரோகிராம்ல ஒரு குறையும் இல்ல," என்றார் மாப்பிள்ளை. "உங்க கம்ப்யூட்டர்லயும் குறை இல்ல. சில விஷயத்துக்கு மனுசக் கை வேண்டியிருக்கு. அந்தப் பிள்ளை கையே இருக்கட்டும்."

அண்ணாச்சி எழுந்துதான் நின்றிருந்தார், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். பெங்களூர்க்காரரே சொல்லிவிட்டார் என்று அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரம் முழுக்கச் சொல்லியாயிற்று. பேச்சி பேரை வருகைப் பதிவு நோட்டில் ஏற்றினார்கள். என் பேருக்கு மேலே இருக்கிறது.

மாப்பிள்ளை நல்ல மனுஷர் அக்கா. இப்போதும் ஏதாவது சந்தேகம் வந்தால் போன் செய்வார். போன வாரம்கூட அவர் ஆபீஸில் ஒரு பட்டியல், ஒரு கம்ப்யூட்டரில் கூட்டினால் சரியாக வருகிறதாம், இன்னொன்றில் தேதி எல்லாம் தலைகீழாம். இரண்டிலும் தேதி எழுதுகிற முறை ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் சார் என்றேன். அதெல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும் என்றார். அரை மணி கழித்துக் கூப்பிட்டு, வேறாகத்தான் இருந்தது என்றார். எனக்கு என்ன தெரியும், வாயில் வந்ததைச் சொன்னேன்.

இப்போது கவலை என்ன என்றால், இவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மேசையில் உட்காரச் சொன்னால் இறங்கி ஓடுகிறாள். இன்னும் ஒன்றரை வருஷத்தில் பால்வாடிக்குப் போய்விடுவாள். அண்ணாச்சி அதற்குள்ளேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவராகக் கேட்க வெட்கம், டிரைவரை விட்டு எங்கள் வீட்டுக்காரரிடம் அடுத்தது எப்போது என்று கேட்கச் சொல்லியிருக்கிறார். அவர் நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, ஏட்டி, அது என்ன மாதிரி ஆபீஸு என்று கேட்டார்.

இருங்கள், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? இல்லை அக்கா, ஊசி இவளுக்கு இல்லை. இவளுக்குப் போன மாதமே போட்டாயிற்று. எனக்குத்தான். மூன்று மாதம். ஆபீஸில் தெரிந்ததிலிருந்து எனக்குத் தினமும் மாதுளம்பழம் வருகிறது. வீட்டம்மாவுக்கு மட்டும் ஒரு பயம், வருகிற பிள்ளை வலது கைப் பழக்கமாக இருந்துவிட்டால் பட்டியல் திறக்குமோ திறக்காதோ என்று. இடது கை வர வேண்டும் என்று பாபநாசத்தில் நேர்ந்திருக்கிறார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பலகையில் வலது ஓரத்திலும் அதே அம்புக்குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது அக்கா. திங்கட்கிழமை துடைக்கும்போது அழுத்திப் பார்த்தேன். நன்றாகத் திறக்கிறது.